கையெழுத்துக் கோடு

ஒக்டோபர் 23, திங்கள்

இந்தக் குறிப்பேடு பெத்தினா தந்தது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் தாதிமாருக்கு அவர்தான் தலைவி. என் இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டு, "மாத்திரை மட்டும் காணாது, மலர். ஒவ்வொரு நாளும் நன்றி சொல்ல ஒரு விஷயமாவது எழுது. ஒரு மாசம் எழுதிப் பார்" என்றார். அவர் சொன்னது டொச்சில், அதாவது இந்தப் பக்கத்து ஜெர்மன் மொழியில். இந்த நாட்டில் யார் டொச்சில் பேசினாலும் என் மண்டைக்குள் அது எங்கட தமிழாக மாறித்தான் ஒலிக்கிறது. அப்படியே எழுதப்போகிறேன்.

இன்றைய நன்றி: குறிப்பேட்டின் தாள் தடிப்பானது. மை மறுபக்கம் ஊறவில்லை.

ஒக்டோபர் 24, செவ்வாய்

வாக்கெடுப்பு உறை வந்துவிட்டது.

நான் சுவிஸ் பாஸ்போர்ட் எடுத்து ஒன்றரை வருடமாகிறது. இதுவரை வந்த உறைகளில் நெடுஞ்சாலைக்கு இன்னொரு தடம் வேண்டுமா, ஓய்வூதிய வயதைக் கூட்டலாமா என்றுதான் கேட்டார்கள். பொறுமையாக வாசித்து, ஆம் அல்லது இல்லை என்று கையால் எழுதி அனுப்பினேன். இந்த முறை கேள்வி எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது.

அதற்குப் பெயர் பொதுமொழி முன்மொழிவு. குடியுரிமை இல்லாமல் நிரந்தர விசாவில் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் எழுத்துப் பரீட்சை ஒன்றில் தேற வேண்டும். தேறாவிட்டால் நிரந்தர விசா போய்விடும். பிறகு வருடா வருடம் புதுப்பிக்கிற விசாதான். புதுப்பிப்பதும் விடுவதும் அதிகாரிகளின் விருப்பம்.

நான் அந்தப் பரீட்சையில் முன்பே தேறியவள். சீலன் தேறாதவர்.

சீலன் என் கணவர். இருபத்தாறு வருடமாக ஆற்றங்கரை ரெஸ்ரோரண்டில் சமையல். உருளைக்கிழங்கைத் துருவிப் பொரிக்கும் ரொஸ்டியை இவரைப்போல் இந்த ஊரில் யாரும் செய்வதில்லை என்று ஊரே சொல்லும். பேச்சு டொச்சில் அவரை வெல்ல முடியாது. பேர்ண் பக்கத்து விவசாயிகளின் கெட்ட வார்த்தைகள்கூட அத்துப்படி. ஆனால் பரீட்சை எழுத்து டொச்சில்; பேச்சுத் தமிழுக்கும் செந்தமிழுக்கும் உள்ள தூரம் இங்கேயும் உண்டு. குடியுரிமைக்காக என்னோடு சேர்ந்து இரண்டு முறை எழுதினார். இரண்டாம் முறை வந்த கேள்வி, "உங்கள் வீட்டு உரிமையாளருக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதுக." இவர் எழுதியது: "மதிப்புக்குரிய ஐயா, வீடு நல்லது. ஹீட்டர் வேலை செய்கிறது. எனக்கு முறைப்பாடு ஒன்றும் இல்லை. நன்றி."

கேட்டதை எழுதவில்லை என்று புள்ளி கொடுக்கவில்லை. "பொய் முறைப்பாடு எழுதச் சொல்லுறாங்கள்" என்று இரண்டு நாள் புறுபுறுத்தார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இன்றைய நன்றி: ஹீட்டர். உண்மையாகவே வேலை செய்கிறது.

ஒக்டோபர் 27, வெள்ளி

ஊரெங்கும் சுவரொட்டி. ஆம் பக்கத்தாரின் சுவரொட்டியில் ஒரு சிவப்புக் கதவு, சாவித் துவாரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வாய். கீழே, "மொழிதான் சாவி." ரயில் நிலையத்தில் இருக்கும் வாய்க்கு யாரோ மீசை வரைந்துவிட்டார்கள். இன்னொருவர் பக்கத்தில் பேச்சு டொச்சில் கிறுக்கியிருக்கிறார்: "சாவியைத் தொலைத்ததே வீட்டுக்காரன்தான்." இல்லை பக்கத்தாரின் சுவரொட்டியும் பெரிய திறமில்லை. ஒரு குழந்தை அகராதி மேல் உட்கார்ந்து அழுகிறது. பெத்தினா அதை நின்று பார்த்துவிட்டு, "பாவம், பிள்ளைக்கு நாப்பி மாத்த வேணும்" என்றார்.

எங்கள் இல்லத்தில் காலைச் சாப்பாட்டு மேசைதான் பாராளுமன்றம். பால் பண்ணை வைத்திருந்த ஹெர் (திரு) வூத்ரிஹுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே சொன்னார்:

"நான் கடைசியா எழுத்து டொச்சில எழுதினது ராணுவத்தில. அதுவும் லீவுக் கடிதம். லீவு தரேல்லை. இந்தச் சட்டம் வந்தால் முதல்ல என்னைத்தான் நாடு கடத்தவேணும். மலர், உங்கட ஊர் சூடுதானே?"

"நல்ல சூடு."

"அப்ப நான் ஆம்."

மேசை முழுக்கச் சிரித்தது, ஃப்ராவ் (திருமதி) ரோட் ஒருவரைத் தவிர. "பகிடி விடாதேங்கோ. கடையில நான் கேக்கிறது ஒருத்தருக்கும் விளங்குதில்லை. நான் பிறந்த ஊரில கையால காட்டிச் சாமான் வாங்க வேண்டிக் கிடக்கு" என்றார். அவருடைய தேநீரை ஊற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கையால் காட்டிச் சாமான் வாங்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் முதல் மூன்று வருடமும் அப்படித்தான்.

இன்றைய நன்றி: ஃப்ராவ் ரோட் கோப்பையை நீட்டும்போது "மலர், நீயில்லை, நீயில்லை" என்றார். இதை நன்றியில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. சேர்க்கிறேன்.

நவம்பர் 1, புதன்

இன்னொரு கடிதம், எங்கள் ஊர்ச் சபையான கெமைண்ட அலுவலகத்திலிருந்து. வாக்கெடுப்பு நாளன்று வாக்கு எண்ணும் குழுவில் என்னை நியமித்திருக்கிறார்கள். இது வேண்டுகோள் அல்ல, கடமை. இந்த ஊரில் வாக்குரிமை உள்ளவர்களை முறைவைத்துக் கூப்பிடுவார்கள்; தகுந்த காரணம் இல்லாமல் வராவிட்டால் தண்டம். நவம்பர் 19, காலை ஒன்பது மணி, பள்ளிக்கூட மண்டபம்.

சீலன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீடு அதிர்ந்திருக்கும். "என்னை வைச்சிருக்கிறதோ விடுகிறதோ எண்டு ஊர் சொல்லப்போகுது. அதை நீர் உட்கார்ந்து எண்ணப்போறீர். நல்ல குடும்பம்!"

கடிதத்தோடு விளக்கத் தாளும் இருந்தது. உறைக்குள் வரும் வாக்காளர் அட்டையில் கையெழுத்து இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வாக்கைத் திறந்தே பார்க்கக்கூடாது, செல்லாது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இரண்டு முறை வாசித்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவள். விதிமுறைகளை வாசிக்கப் பிடிக்கும்.

எனக்கு வாக்களிக்கும் வயது வந்தபோது எங்கள் ஊரில் வாக்களிக்கிற நிலைமை இல்லை. வாக்குப்பெட்டியைக் கிட்ட நின்று பார்த்ததே இல்லை. இப்போது அதைத் திறக்கக் கூப்பிடுகிறார்கள். இன்றைய நன்றி அதற்கு. கொஞ்சம் பயத்தோடு.

நவம்பர் 4, சனி

சனிக்கிழமை என்பதால் கீழே துவைக்கும் அறைப் பக்கம் போகவில்லை. சனிக்கிழமை ஃப்ராவ் கெர்பருடையது.

எங்கள் கட்டடத்தில் ஆறு வீட்டுக்கும் ஒரே துவைக்கும் இயந்திரம், நிலக்கீழ் அறையில். கதவில் நாள் அட்டவணை தொங்கும். சனிக்கிழமை முப்பத்தொரு வருடமாக முதல் மாடி ஃப்ராவ் கெர்பருக்கு. எங்களுக்குச் செவ்வாய். செவ்வாய் மாலை வேலையால் வந்து துவைத்து, காயாத துணியோடு புதனைத் தொடங்குவது என் எட்டு வருட வாழ்க்கை. நாளை மாற்றித் தருவீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "சனிக்கிழமை சனிக்கிழமைதான்" என்றார். எண்பத்தொரு வயது. எங்கள் சண்டைகள் பெரும்பாலும் இயந்திரத்தின் வடிகட்டியில் சிக்கும் பஞ்சைப் பற்றியவை. சண்டையிலும் "நீங்கள்" தவறாது.

இன்று படியில் மறித்தார். கையில் சோப்புத்தூள்.

"நான் ஆம் எண்டுதான் எழுதப்போறன். ஒளிச்சு வைக்கிற பழக்கம் எனக்கில்லை, அதால சொல்லுறன். உங்கட மனுசனுக்கு எதிரா இல்லை. அவர் ஒழுங்கானவர். மற்ற ஆக்களுக்குத்தான்."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே, ஃப்ராவ் கெர்பர்?"

"அது சட்டத்தின்ர பிழை" என்றார்.

சீலனிடம் சொன்னேன். "எல்லாருக்கும் தெரிஞ்ச தமிழன் நல்லவன். தெரியாத தமிழனாலதான் கரைச்சல். அந்தத் தெரியாதவனை நானும் இருபத்தாறு வருசமாத் தேடுறன்" என்றார்.

இன்றைய நன்றி: அவருக்குச் சிரிப்பு வருகிறது.

நவம்பர் 8, புதன்

வாக்கை எழுதியாயிற்று. பகல் சாப்பாட்டு வேலை முடிந்து சீலன் வீட்டில் நின்ற நேரம். பேனையை அவர்தான் எடுத்துத் தந்தார், தன் சமையல் சட்டைப் பையில் வைத்திருக்கும் கறுப்புப் பேனை.

"நீர் போடுறது ரெண்டு பேருக்கும் சேர்த்து. வடிவா எழுதும்" என்றார்.

வடிவாகத்தான் எழுதினேன். "இல்லை" என்பதை டொச்சில் எழுத நான்கே எழுத்து. எழுதியதை இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். சீட்டை மடித்துச் சிறிய உறைக்குள் வைத்தேன். அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் ஓடினோம். அடுப்பைத் துடைத்து, தேநீர் போட்டுக் குடித்துவிட்டு, பெரிய உறையை ஒட்டினேன்.

இன்றைய நன்றி: பேனை.

நவம்பர் 9, வியாழன்

உறையைக் கெமைண்டப் பெட்டியில் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.

நவம்பர் 11, சனி

ஃப்ராவ் கெர்பருக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. கதவைத் தட்டி ஒரு உறையை நீட்டினார்.

"என்னால மேட்டில ஏறிக் கெமைண்ட வரைக்கும் போகேலாது. நீங்கள் எண்ணப் போறீங்களாம். அப்ப நம்பிக்கையான ஆள்தானே. போட்டு விடுங்கோ. ஒட்டேல்லை, பசையை நக்கினால் எனக்கு வாய் கசக்கும்."

வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குள் வந்து ஒட்டப்போனபோது வாக்காளர் அட்டை கண்ணில் பட்டது. கையெழுத்துக் கோடு வெறுமையாக இருந்தது.

உறையை ஒட்டாமல் கைப்பையில் வைத்தேன். இன்று கடைக்குப் போகவேண்டியிருந்தது.

இன்றைய நன்றி: வெங்காயம் மலிவு.

நவம்பர் 12, ஞாயிறு

மழை. வெளியே போகவில்லை.

முதல் மாடிக்குப் போக வெளியே போகத் தேவையில்லை என்பது உண்மைதான்.

நவம்பர் 13, திங்கள்

இரட்டை வேலை நேரம். இரண்டு பேருக்கு வயிற்றோட்டம். கைப்பையைத் திறக்கவே நேரம் இருக்கவில்லை.

வேலையிடத்து வானொலியில் கருத்துக்கணிப்பு: ஆம் நாற்பத்தொன்பது, இல்லை நாற்பத்தொன்பது, மிச்சம் இன்னும் யோசிக்கிறார்கள். ஹெர் வூத்ரிஹ், "அந்த ரெண்டு வீதமும் என்ர மருமகன். அவன் சப்பாத்து வாங்கவே மூண்டு மாசம் யோசிப்பான்" என்றார்.

நன்றி: ஹெர் வூத்ரிஹ்.

நவம்பர் 14, செவ்வாய்

துவைக்கும் நாள். இயந்திரத்துக்குள் போடுவதற்கு முன் சீலனின் சமையல் சட்டைப் பைகளைத் தட்டிப் பார்ப்பது வழக்கம். பேனை, தீப்பெட்டி, சிலவேளை ஒரு துண்டு வெண்ணெய்க் கடதாசி. இன்று எட்டாக மடித்த தாள் ஒன்று இருந்தது.

ரெஸ்ரோரண்டின் பில் தாள். பின்பக்கத்தில் அவர் கைப்பட எழுதியது. எழுத்து டொச்சில்: "மதிப்புக்குரிய ஐயா, ஹீட்டர் வேலை செய்யவில்லை. மூன்று நாளாகக் குளிர். நான் மிகவும் கோபமாக இருக்கிறேன்." 'கோபமாக' என்ற சொல்லை ஐந்து முறை வெட்டித் திருப்பி எழுதியிருந்தார். கடைசி வரி, "நன்றி." அதையும் வெட்டியிருந்தார். பிறகு மீண்டும் எழுதியிருந்தார்.

எனக்குச் சொல்லாமல், அடுப்படியில், ரொஸ்டிக்கும் ரொஸ்டிக்கும் இடையில் கோபப்படப் பழகியிருக்கிறார்.

தாளை மடித்தபடி திரும்பினால் ஃப்ராவ் கெர்பர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்திருந்தார், வடிகட்டியைப் பார்க்க.

"போட்டாச்சோ என்ர உறையை?"

"நாளைக்கு" என்றேன்.

"ஞாயிறோட முடிஞ்சிடும்" என்றார்.

"தெரியும்."

இன்று நன்றி ஒன்றும் எழுத வரவில்லை. பிரஷர் நூற்று அறுபத்திரண்டு.

நவம்பர் 15, புதன்

வேலைக்குப் போகும் வழியில் அவர் கதவைத் தட்டினேன். ஊதா நிறப் பேனையால் குறுக்கெழுத்துப் போட்டி நிரப்பிக்கொண்டிருந்தார். எப்போதும் அந்தப் பேனைதான். துவைக்கும் அட்டவணையில் எனக்கு எழுதும் கண்டனங்களும் ஊதாவில்தான் இருக்கும்.

"உங்கட கையெழுத்து இல்லை" என்று அட்டையை நீட்டினேன். "இல்லாட்டில் செல்லாது."

கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். அட்டையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"எப்ப கண்டனீங்கள்?"

"சனிக்கிழமை."

"இண்டைக்குப் புதன்."

"ஓம்."

குறுக்கெழுத்துத் தாளை ஒதுக்கி வைத்தார்.

"உள்ளுக்கு என்ன எழுதியிருக்கிறன் எண்டு உங்களுக்குத் தெரியும்."

"நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"பேசாமல் அப்பிடியே போட்டிருக்கலாம். எனக்குத் தெரிய வந்திராது."

"ஓம். போட்டிருக்கலாம்."

மேசையில் அட்டையை வைத்து, ஊதாப் பேனையால், பள்ளிக்கூடத்தில் பழக்கிய எழுத்தில் முழுப் பெயரையும் எழுதினார். மை காயும்வரை ஊதினார். நான் அவர் முன்னாலேயே உறையை நக்கி ஒட்டினேன். உண்மைதான், கசப்பு.

"சப்பாத்தோட உள்ளுக்கு வந்திட்டீங்கள்" என்றார் கடைசியாக.

போகிற வழியில் பெட்டியில் போட்டேன். சத்தம் கேட்கும்வரை நிற்கவில்லை.

இன்றைய நன்றியை யாருக்குச் சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் பேருந்தில் கண்ணை மூடினேன்; நான்கு நாளுக்குப் பிறகு பை பாரமில்லாமல் மடியில் கிடந்தது.

நவம்பர் 18, சனி

சட்டை அயர்ன் பண்ணினேன். பாசலில் படிக்கும் மகள் அபிர்னா தொலைபேசியில், "அம்மா, நான் போட்டிட்டன். என்ர நண்பிகள் எல்லாரையும் இழுத்துக்கொண்டு போய்ப் போட வைச்சிட்டன். அப்பா என்ன செய்யிறார்?" என்றாள்.

அப்பா சோளப்பொரிப் பெட்டியின் பின்பக்கத்தை உரத்து வாசித்துக்கொண்டிருந்தார், எழுத்து டொச்சில். "பகிடிக்கு" என்றார்.

நவம்பர் 19, ஞாயிறு

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதவேண்டும்.

பள்ளிக்கூட மண்டபத்தில் நாங்கள் பத்துப் பேர். தலைமை கெமைண்டச் செயலாளர் ஃப்ராவ் மோசர். பதினொரு மணிவரை நேரில் வந்தவர்களின் வாக்கு. பெட்டி மூடியதும் தபாலில் வந்த உறைகளை இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து திறந்தோம். என்னோடு ஹெர் ஸ்டால்டர், ஓய்வுபெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகர். "நாப்பது வருசம் ஆக்களின்ர முகத்தைப் பார்த்துச் சரிபார்த்தனான். கடதாசி பொய் சொல்லாது, சுகமான வேலை" என்றார்.

வேலை இதுதான். அவர் உறையைத் திறந்து அட்டையை எடுப்பார். கையெழுத்து இருந்தால் சிறிய உறையை என்னிடம் தருவார், நான் பெட்டிக்குள் போடுவேன். இல்லாவிட்டால் சிறிய உறையைத் திறக்காமல் அட்டையோடு சேர்த்துச் செல்லாத தட்டில் வைக்க வேண்டும். எங்கள் மேசையில் நான்கு அப்படி வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஹெர் ஸ்டால்டர் நாக்கால் "ச்சு" என்றார்.

பிறகு ஓர் அட்டையை எடுத்தவர் "ச்சு" சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். அட்டையை மேசையில் என் பக்கம் திருப்பினார்.

என் பெயர். என் முகவரி. வெறுங்கோடு.

பால் பொங்கியது ஞாபகம் வந்தது. தேநீர் ஞாபகம் வந்தது. பேனையை மேசையில் கண்டதாக ஞாபகமே இல்லை; சீலன் அதைச் சட்டைப் பையில் திருப்பி வைத்திருப்பார்.

மற்ற மேசைகளில் எல்லோரும் குனிந்திருந்தார்கள். ஹெர் ஸ்டால்டர் தன் பேனையை இரண்டு விரலால் மெல்ல என் பக்கம் நகர்த்திவிட்டு, தெர்மசைத் திறந்து கோப்பி ஊற்றத் தொடங்கினார். மிக மெதுவாக ஊற்றினார்.

பேனையைத் தொடவில்லை என்று எழுதத்தான் ஆசை. தொட்டேன். மூடியைக் கழற்றினேன். சீலன் தோளுக்குப் பின்னால் நின்றது, ரெண்டு பேருக்கும் சேர்த்து என்றது, பில் தாளில் ஐந்து முறை வெட்டிய சொல், எல்லாம் அந்தப் பேனை முனையில் நின்றன. புதன்கிழமை ஃப்ராவ் கெர்பர் மை காய ஊதியதும் நின்றது. அவருக்கு இருந்தது எனக்கும் இருந்தது: உறையைப் பெட்டியில் போடுவதற்கு முன்னால் வரையான நேரம். அது முடிந்துவிட்டது.

மூடியைப் போட்டேன். அட்டையை நானே எடுத்துச் செல்லாத தட்டில் வைத்தேன்.

ஹெர் ஸ்டால்டர் கோப்பியை என்னிடம் நீட்டினார். அவர் தனக்கென்று ஊற்றியது.

பிறகு எண்ணிக்கை. மனிதர்கள் ஒரு சிறு சீட்டில் என்னவெல்லாம் எழுதுகிறார்கள்! ஒருவர் பசு வரைந்திருந்தார். ஒருவர் "ஓம், ஆனால் இல்லை" என்று எழுதியிருந்தார். ஒருவர், "முதலில் எங்கள் தெருவிளக்கைத் திருத்துங்கள்." ஃப்ராவ் மோசர் அதைச் சத்தமாக வாசித்தபோது மண்டபமே சிரித்தது. யார் எழுதியது என்று எல்லோருக்கும் தெரிந்த மாதிரியும் இருந்தது. ஆம் சீட்டுகளைப் பத்துப் பத்தாக அடுக்கியவள் நான். ஊதா மையைத் தேடவில்லை. தேடாமலே வந்தது, பள்ளிக்கூட எழுத்தில். மற்ற ஒன்பதோடு சேர்த்துத் தட்டிச் சரிசெய்து கட்டினேன்.

ஆம் 703. இல்லை 702.

திருப்பி எண்ணினோம். மேசை மாற்றி எண்ணினோம். அதேதான். ஹெர் ஸ்டால்டர் என்னைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தார். நன்றி அவருக்கு.

நாட்டு முடிவு அப்போது தெரியாது. எங்கள் ஊர் ஆம் என்று சொல்லியிருந்தது, ஒரு வாக்கால். நான் ஆற்றங்கரை வழியாக ரெஸ்ரோரண்டின் பின்கதவுக்கு நடந்தேன். என்ன சொல்வதென்று பாலம்வரை யோசித்தேன், பாலம் தாண்டியும் யோசித்தேன்.

அடுப்படியில் வானொலி. முதலாளி உர்ஸ் கையில் கரண்டியோடு அதன் முன்னால் நின்றார். சீலன் உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. அரைமணி நேரம் நானும் ஏப்ரன் கட்டித் தோல் சீவினேன். இரண்டே முக்கால்போல் சொன்னார்கள்: நாடு முழுக்க, இல்லை, ஐம்பத்தொன்று தசம் ஆறு வீதம்.

உர்ஸ் தாச்சியை அடித்த அடியில் சாப்பாட்டு அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "சீலு! இன்னும் இருபது வருசம் நீ துருவ வேணும்!" சீலன் சிரித்தார். கையைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். பிறகு குளிர் அறைக்குள் வெண்ணெய் எடுக்கப் போய், வெண்ணெய் இல்லாமல் நெடுநேரம் கழித்து வந்தார்.

வெளியே பியர்ப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் இடத்துக்கு அவரைக் கூப்பிட்டேன்.

"இஞ்சருங்கோ. எங்கட வாக்கு செல்லுபடியாகேல்லை."

"எங்கட எண்டால்?"

"என்ரை. கையெழுத்து வைக்க மறந்திட்டன். பால் பொங்கின நேரம்."

பிறகு ஃப்ராவ் கெர்பரின் உறையையும் சொன்னேன், நான்கு நாளையும் சொன்னேன். எழுநூற்று மூன்றையும் எழுநூற்று இரண்டையும் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறும். ஆம் எண்டு எழுதினவவுக்கு ஓடிப்போய்க் கையெழுத்து வாங்கினனீர்."

"ஓம்."

"உமக்கு வைக்கேல்லை."

"ஓம்."

"ஊரில ஒரு வாக்கால தோத்தது."

"ஓமப்பா."

பியர்ப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று குனிந்து பார்த்தேன். சிரிப்பு. கண்ணில் நீர் வரும் சிரிப்பு.

"அப்ப இந்த முறை ரெண்டு பேரும் சமன்" என்றார். "நானும் போடேல்லை, நீரும் போடேல்லை. ஒண்டரை வருசமா நீர் மட்டும் உறையை ஒட்டேக்கை நான் பக்கத்தில நிண்டு பார்த்தனான் தெரியுமே? இண்டைக்குத்தான் கூட ஆள் கிடைச்சிருக்கு."

அவர் பக்கத்தில் பெட்டியில் உட்கார்ந்தேன். ஒன்றரை வருடமாக அவர் நின்றுகொண்டிருந்த இடம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தோளுக்குப் பின்னால் நிற்கிறார் என்று மட்டும்தான் தெரியும்.

நவம்பர் 20, திங்கள்

படியில் ஃப்ராவ் கெர்பர்.

"எழுநூற்று மூண்டுக்கு எழுநூற்று ரெண்டு. பேப்பரில கிடக்கு."

"ஓம்."

"அந்த ஒண்டு என்ரை."

"அப்பிடி எழுநூற்று மூண்டு பேரும் சொல்லலாம், ஃப்ராவ் கெர்பர்."

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். யோசித்துவிட்டு, "ஆனால் மற்ற எழுநூற்று ரெண்டு பேரும் உங்களுக்குக் கடமைப்படேல்லை" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை.

மேலிருந்து சீலன் கத்தினார், என் கையெழுத்துக் கதையை. இனி கட்டடம் முழுக்கத் தெரியும்.

நவம்பர் 25, சனி

துவைக்கும் அறைக் கதவில் புதிய அட்டவணை. செவ்வாய்க்கிழமைக்கு நேரே கெர்பர் என்று இருக்கிறது. சனிக்கிழமைக்கு நேரே, ஊதா மையில், எங்கள் பெயர். கீழே ஒரு வரி: "வடிகட்டி, தயவுசெய்து!"

காலை பத்து மணிக்குச் சூரிய வெளிச்சத்தில் படுக்கை விரிப்புகளைக் கொடியில் போட்டேன். எட்டு வருடத்தில் முதல் தரம்.

சீலன் மொழிப் பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பிவிட்டார். யாரும் கட்டாயப்படுத்தாதபோதுதான் அவருக்குக் கை வந்திருக்கிறது. "இப்ப எழுத எனக்கு ஒரு உண்மையான முறைப்பாடு கிடைச்சிட்டுது" என்று பயிற்சிக் கடிதத்தை வாசித்துக் காட்டினார்:

"மதிப்புக்குரிய ஐயா, என் மனைவி எங்கள் வாக்கைச் செல்லாததாக்கிவிட்டார். நான் மிகவும் கோபமாக இருக்கிறேன். மற்றபடி வீடு நல்லது. நன்றி."

'கோபமாக' என்பதில் ஒரு வெட்டும் இல்லை.

விண்ணப்பத்தை உறையிலிட்டு ஒட்டிக்கொண்டு தபாலுக்குப் புறப்பட்டார். நான் வெற்றுக் கூடையோடு படியேறி வந்துகொண்டிருந்தேன். முதல் மாடிக் கதவு ஒரு சாண் திறந்தது.

"ஹெர் ஞானசீலன்! கையெழுத்து?"

சீலன் நின்றார். உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒட்டிய உறையைப் படியிலேயே கிழித்துத் திறந்தார். பிறகு நாங்கள் மூன்று பேரும் அந்தத் தாளின் அடியில் இருந்த வெறுங்கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கதவிடுக்கு வழியாக ஊதாப் பேனை நீண்டது.